சர்க்கரை இல்லாத ஏழு நிமிடங்கள்

வேல்முருகன் அண்ணாவின் ஆறு வருட ஆராய்ச்சி அன்று பிற்பகல் இரண்டு மணிக்குக் கமிட்டி முன்னால் போகவிருந்தது. கமிட்டி ஒப்புக்கொண்டால் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். சமர்ப்பித்தால் ஜனவரியில் ஜெர்மனியில் வேலை. அந்த வேலைக்கான கடிதத்தைத் தன் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்திருந்தார்.

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் தப்பாக இருக்கலாம் என்பது காலை ஆறரை மணிக்கு எனக்கு மட்டும்தான் தெரியும். தப்பு என்னுடையது.

எங்கள் ஆராய்ச்சி நிலையம் முசரவாக்கம் போகும் சாலையில் இருக்கிறது. எம்.எஸ்ஸி. முடித்த பிறகு எட்டு மாதமாக நான் அங்கே ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட். வேலை ஈஸ்ட் செல்களோடு. பன்னை உப்ப வைக்கும் அதே ஈஸ்ட்.

செல்லுக்குள் புரதங்களைக் கட்டுவது ரைபோசோம். எதைக் கட்ட வேண்டும் என்ற குறிப்பு ஆர்என்ஏ என்ற இழையில் இருக்கும். ரைபோசோம் அந்த இழையில் தானாக ஏறாது. இழையின் முனையை ஒரு புரதம் பிடிக்க வேண்டும். அந்தப் புரதத்தை இன்னொன்று பிடிக்க வேண்டும். அது ரைபோசோமை அழைத்துவந்து ஏற்றும். இந்த இரண்டு புரதங்களும் பிடித்துக்கொள்ளும் இடத்தில் மூன்றாவதாக ஒரு சின்னப் புரதம் போய் உட்கார்ந்துகொண்டால் ஏற்றம் நின்றுவிடும். அந்தச் சின்னப் புரதத்தைத்தான் வேல்முருகன் அண்ணா ஆறு வருடமாகத் துரத்தினார். லேபில் அதன் பெயர் ‘பிரேக்.’

செல் நன்றாகச் சாப்பிட்டு வளரும்போதும் இந்தப் பிரேக் எப்போதும் பாதி அழுத்தியபடியே இருக்கிறது என்பது மூன்றாம் அத்தியாயம். அதற்குச் சான்று நான் எடுத்த கோட்டுப் படங்கள்; இழைமேல் ஏறிய ரைபோசோம் கூட்டம் அவற்றில் முகடுகளாகத் தெரியும். சாதாரண ஈஸ்ட்டில் இழைமேல் ஏறிய ரைபோசோம் கூட்டம் குறைவு. பிரேக்கை நீக்கிய ஈஸ்ட்டில் அதிகம். பதினான்கு முறை செய்தேன். பதினான்கு முறையும் அப்படியே வந்தது.

நான் சேர்வதற்கு முன் அண்ணாவே நான்கு முறை செய்து பார்த்திருந்தார். வித்தியாசம் எதுவும் வரவில்லை. தன் கை சரியில்லை என்று விட்டுவிட்டார். என் முதல் படத்தைப் பார்த்தபோது, “உனக்குக் கைராசி இருக்குது சங்கரி” என்றார். அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையதாகிவிட்டது.

கமிட்டிக்கு முந்தின நாள் பதினைந்தாவது முறை செய்தேன். படம் இன்னும் சுத்தமாக இருந்தால் நல்லது என்று கைடு தேவிப்ரியா மேடம் சொல்லியிருந்தார். அன்று பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மெஷினின் சூடாக்கும் காயில் எரிந்துபோனது. தண்ணீர் இல்லை. செல்களைச் சேகரித்ததும் வழக்கமாக ஒரு முறை தண்ணீரில் அலசுவேன். அன்று அலசாமல் அடுத்த வேலைக்குப் போனேன். படம் வந்தது. இரண்டு ஈஸ்ட்டிலும் கூட்டம் ஒரே அளவு.

ஃபிளாஸ்க்கை மாற்றிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். லேபிளைப் பார்த்தேன். மாறவில்லை.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். பக்கத்திலேயே அப்பாவின் சாயப்பட்டறை. அன்று சாயந்தரம் ஐந்தரை மணிக்கு ஸ்கூட்டியை நிறுத்தும்போது உள்ளே ஆட்கள் பட்டு நூல் சிட்டங்களைச் சாயத்திலிருந்து எடுத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்கள். ஒரு தொட்டியிலிருந்து எடுத்ததை அலசாமல் இன்னொரு தொட்டியில் போடக் கூடாது. ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் நானும் அதைச் செய்திருக்கிறேன். மனசுக்குள் நூற்றிருபது எண்ணும்வரை அலசுவேன். குறைந்தால் அப்பா திரும்ப அலசச் சொல்வார்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். செல்லைத் தண்ணீரில் அலசு என்று லேபில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. செய்முறைத் தாளில் அந்த வரி கிடையாது. பதினான்கு முறையும் என் கை தானாகச் செய்திருக்கிறது.

தண்ணீரில் சர்க்கரை இல்லை. சர்க்கரை இல்லாமல் போனால் ஈஸ்ட் ஒரு நிமிடத்துக்குள் புரதம் கட்டுவதை நிறுத்த ஆரம்பித்துவிடும். பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். நான் அலச இரண்டு நிமிடம், சுற்றிச் செல்களை அடியில் படியவைக்கும் சென்ட்ரிஃப்யூஜில் ஐந்து நிமிடம். ஏழு நிமிடம் அந்தச் செல்கள் பட்டினி கிடந்திருக்கின்றன. அதற்குப் பிறகுதான் ரைபோசோம்களை இருந்த இடத்திலேயே உறைய வைக்கும் மருந்தைச் சேர்த்திருக்கிறேன். அப்படியானால் நாங்கள் பார்த்தது வளரும் செல்லை அல்ல.

மறுநாள் காலை ஆறரைக்கு லேபைத் திறந்து, முந்தின நாளே போட்டுவைத்திருந்த ஈஸ்ட்டை அதன் உணவான சர்க்கரை கலந்த புது மீடியாவில் கலந்து ஷேக்கரில் வைத்தேன். ஒன்பது மணிக்குத் தயாராகும்.

தண்ணீர் மெஷின் மேல் குனிந்திருந்த சிட்டிபாபு அண்ணா என்னைப் பார்த்து நிமிர்ந்தார். அங்கே மெஷின், ஜெனரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு.

“இன்னாம்மா, சூரியனையே நீதான் எழுப்பிவிட்டியா?”

“தண்ணி எப்பண்ணா வரும்?”

“காயில் மாத்திட்டேன். எட்டரைக்கு ரெண்டு லிட்டர் தரேன். நம்ம ஊரு தண்ணிக்கு எந்தக் காயிலும் ஆறு மாசம் தாங்காது. உப்பு பாரு, சுண்ணாம்பு மாதிரி.”

வேல்முருகன் அண்ணா கூரத்திலிருந்து எட்டு மணிக்கு பைக்கில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஸ்வீட் பாக்ஸ். கமிட்டி முடிந்ததும் கொடுப்பதற்கு.

“ப்ரெசன்டேஷன் எனக்கா உனக்கா? என்னைவிட நீ வெளிறிப்போயிருக்க.”

எனக்கு நீளமாகப் பேச வராது. ராத்திரி முழுக்க மனசுக்குள் கோத்துவைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. நேற்றைய படத்தை அவர் முன்னால் வைத்தேன்.

“நேத்து தண்ணி இல்லண்ணா. அலசல.”

“எத அலசல?”

“செல்ல. எப்பவும் அலசுவேன்.”

“மருந்து கலந்த பஃபர்லதானே?”

“அதுக்கு முன்னாடி. சும்மா தண்ணில. ஒரு தடவ.”

அவர் உட்காரவில்லை. ஸ்வீட் பாக்ஸ் கையிலேயே இருந்தது.

“யாரு சொன்னாங்க அலசச் சொல்லி?”

“யாரும் சொல்லல.”

“பின்ன? இது இன்னா பட்டறையா? ஒரு செல்லுச் சாயம் இன்னொரு செல்லுல ஒட்டிக்கும்னு பயந்தியா?”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நேற்றைய படத்தைக் கையில் எடுத்தார்.

“பதினாலு தடவையும்?”

“ஆமாண்ணா.”

“ஒரே ஒரு ரன்ன வச்சிக்கினு ஒண்ணும் சொல்ல முடியாது” என்றார். குரல் எனக்குச் சொல்வதுபோல இல்லை.

“இப்ப ஒண்ணு போடலாம்ணா. ஒரே ஃபிளாஸ்க். பாதியை அலசி, பாதியை அலசாம. ரெண்டு ஈஸ்ட்டுக்கும். நாலு டியூப்.”

“எத்தன மணிக்குப் படம் வரும்?”

“ஒரு மணிக்கு.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கடிதத்தை.

“போடு” என்றார்.

எட்டே முக்காலுக்குச் சிட்டிபாபு அண்ணா கேனைக் கொண்டுவந்து வைத்தார். ஈஸ்ட் இன்னும் போதிய அளவு வளர்ந்திருக்கவில்லை. செல் பெருகப் பெருகக் கூடும் கலங்கலைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்தேன். ஒன்பது பத்து. ஒன்பது இருபது. செல் இரட்டிப்பதை யாரும் அவசரப்படுத்த முடியாது. ஒன்பதரைக்கு எடுத்தேன்.

பாதியை அலசினேன். பாதியை அலசவில்லை. மருந்து சேர்த்து, கண்ணாடி மணிகளோடு குலுக்கிச் செல்லை உடைத்து, தெளிவை எடுத்தேன். அதைச் சர்க்கரைப் பாகு நிரப்பிய மெல்லிய டியூபின் மேல் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கீழே கனமாகவும் மேலே போகப் போக இலேசாகவும் உள்ள பாகு; சுற்றும்போது ரைபோசோம்கள் கனத்துக்கேற்ப இதில் பிரிந்து இறங்கும். கை நடுங்கினால் கலந்துவிடும், எல்லாம் வீண். மூன்றாவது டியூபில் முழங்கையை மேஜைமேல் ஊன்றிக்கொண்டேன்.

பத்து இருபத்தைந்துக்கு அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் சுற்ற ஆரம்பித்தது. இரண்டே கால் மணி நேரம்.

வேல்முருகன் அண்ணா அலமாரியின் அடித்தட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு பழைய ஃபைலை எடுத்துப் பிரித்தார். அவர் செய்த நான்கு முறையின் படங்கள். மேஜைமேல் வரிசையாக வைத்தார். நான்கிலும் இரண்டு ஈஸ்ட்டும் ஒரே மாதிரி.

“இதைத்தான் தப்புன்னு நினைச்சிக்கினு மூட்டை கட்டி வச்சேன்” என்றார்.

பதினொன்றேகாலுக்கு மேடம் வந்தார். அண்ணா எல்லாவற்றையும் சொன்னார். என் பெயரையும் சொன்னார். மேடம் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வேல்முருகன், இந்த நிமிஷம் வரைக்கும் நம்ம கையில பதினாலு ரன் ஒரு பக்கம். ஒரு ரன் ஒரு பக்கம். இருக்கறதக் காட்டறது பொய் இல்ல. கமிட்டிக்காக அப்பாதுரை சார் சென்னையிலேருந்து வர்றார். அவருடைய டேட் கிடைக்க நாலு மாசம் ஆச்சு. இன்னைக்குக் காட்டுங்க. தப்புன்னு உறுதியானா அடுத்த மாசம் திருத்தி எழுதலாம்.”

“ஒண்ணு இருவதுக்குத் தெரிஞ்சிடும் மேடம்.”

“தெரிஞ்சதும் எனக்குச் சொல்லுங்க. கமிட்டிக்கு நான் பாத்துக்கறேன்.” என் பக்கம் திரும்பினார். “நீ லேப்டாப்ல ஸ்லைடு மாத்து. ரிமோட் வேலை செய்யல. பேச வேண்டியது இல்ல.”

பேச வேண்டியதில்லை என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காக உடனே வெட்கமாகவும் இருந்தது.

பன்னிரண்டு ஐந்துக்குக் கரன்ட் போனது. அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் யூபிஎஸ்ஸில் சுற்றியது. யூபிஎஸ் பதினைந்து நிமிடம் தாங்கும். ஜெனரேட்டர் உறுமிவிட்டு அடங்கியது. மறுபடி உறுமி அடங்கியது. சிட்டிபாபு அண்ணா தெலுங்கில் அதைத் திட்டுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. பத்து நிமிடம் ஆனது. பதினொன்று. பதின்மூன்றாவது நிமிடம் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது.

ஒன்று இருபத்தைந்துக்கு நான்காவது டியூபின் படமும் வந்தது.

பிரேக் நீக்கிய ஈஸ்ட்டில் அலசினாலும் அலசாவிட்டாலும் பெரிய மாற்றம் இல்லை. வரிசையாக உயரமான முகடுகள். சாதாரண ஈஸ்ட்டில் அலசாத பாதியிலும் அதே முகடுகள். அலசிய பாதியில் இழையிலிருந்து இறங்கிய தனி ரைபோசோம்களின் ஒற்றை முகடு. அதற்குப் பிறகு கோடு தட்டையாகப் போனது.

ஒரே ஃபிளாஸ்க்கில் வளர்ந்த செல்கள். நடுவில் நடந்தது என் தண்ணீர் மட்டும்தான். பிரேக் எப்போதும் அழுத்தியிருக்கவில்லை. பட்டினி போட்டபோதுதான் அழுத்தியிருக்கிறது. பட்டினி போட்டது நான்.

வேல்முருகன் அண்ணா படத்தைப் பார்த்தார். மேடமிடம் போய்ச் சொன்னார். திரும்பி வந்து முகம் கழுவினார். ஸ்லைடுகளை மாற்றச் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு அப்பாதுரை சார் வரவில்லை. டிரைவர் போன் செய்தார். சார் மனைவியோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்தாராம். இப்போது அந்த அம்மா புடவை எடுத்துக்கொண்டிருக்கிறாராம்.

“காந்தி ரோடு பட்டுக் கடைக்குள்ள போயிட்டாங்களா? அப்ப நாளைக்குத்தான் வருவாங்க” என்றார் சிட்டிபாபு அண்ணா. யாரும் சிரிக்கவில்லை.

இரண்டே முக்காலுக்கு ஆரம்பித்தது. சின்ன அறை. அப்பாதுரை சார், மேடம், இயக்குநர் மூவரும் முன்வரிசையில். நான் மூலையில் லேப்டாப்போடு. நான்கு டியூபின் படங்களையும் என் நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தேன். ஏன் எடுத்துவந்தேன் என்று தெரியவில்லை.

அண்ணா நன்றாகப் பேசினார். ஒன்று, இரண்டு அத்தியாயங்கள் முடிந்தன. இருபத்தொன்றாவது ஸ்லைடு வந்தது. என் பதினான்கு படங்களின் சராசரி. அவர் ஒரு நொடி அதைப் பார்த்தார்.

“நெக்ஸ்ட்” என்றார்.

விரல் தானாக அழுத்தியது. இருபத்திரண்டு வந்துவிட்டது.

“ஒரு படம் வேகமா போயிடுச்சே” என்றார் அப்பாதுரை சார். “பின்னால போம்மா.”

பின்னால் போனேன்.

“இதுதானே உங்க முக்கியமான படம்? இதைத் தாண்டி ஓடறீங்களே.” சார் சிரித்தபடிதான் கேட்டார். “செல்லை எப்படிச் சேகரிச்சீங்க?”

“வழக்கமான முறைதான் சார்” என்றார் அண்ணா.

அத்தோடு சார் விட்டிருப்பார். பேனா மூடியைத் திறந்து ஏதோ குறிக்கப் போனார். அண்ணா என்னைப் பார்க்கவில்லை. ஸ்லைடையும் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஜனவரியில் அவர் ஜெர்மனியில் இருப்பார். அங்கே யாராவது இதைத் திரும்பச் செய்து பார்ப்பார்கள். அலச மாட்டார்கள்.

“அலசினேன் சார்” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எழுந்து நின்றேன்.

“நான் தண்ணில அலசிட்டேன் சார். மருந்து போடறதுக்கு முன்னாடி. பதினாலு தடவையும். அண்ணாவுக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும்.”

சார் என் பக்கம் திரும்பினார். “நீங்க?”

“ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட் சார். சங்கரி.”

நோட்டிலிருந்து படங்களை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது வேல்முருகன் அண்ணா சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்தார். அவருடைய பழைய நான்கு படங்கள். அவரும் கொண்டுவந்திருந்தார்.

“இதுவும் இருக்குது சார்” என்றார்.

சார் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பினார்.

“அப்போ ‘வளரும் செல்லில் எப்பவும்’னு நீங்க எழுதியிருக்கறது நிக்காது.”

“நிக்காது சார்” என்றார் அண்ணா.

“மூணாவது அத்தியாயம் போச்சு.” சார் படங்களை மறுபடி புரட்டினார். திடீரென்று என்னைக் கேட்டார். “பதினாலு தடவையும் ஒரே அளவு நேரம்தான் அலசினீங்களா?”

“ஆமா சார்.”

“கடிகாரம் பாத்தீங்களா?”

“இல்ல சார். எண்ணுவேன். நூத்தியிருபது வரைக்கும்.”

இயக்குநர் சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை.

“எண்ணிக் காட்டுங்க. இங்க இல்ல, லேப்ல.”

எல்லோரும் லேபுக்கு வந்தார்கள். நான் காலியான டியூபில் காலையில் மிச்சமான செல்லை எடுத்துக்கொண்டேன். வேல்முருகன் அண்ணா போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தார். அதை எனக்குத் தெரியாதபடி பிடித்துக்கொள்ளச் சொன்னார் சார்.

எதற்கு என்று எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பட்டினி போட்டிருந்தால் அந்தப் பதினான்கும் குப்பை இல்லை. வேறு ஒரு கேள்விக்கான சரியான விடை. இஷ்டத்துக்கு அலசியிருந்தால் குப்பை.

தண்ணீர் விட்டேன். கலக்கினேன். சுழற்றினேன். எண்ணினேன். மூடினேன்.

“ரெண்டு நிமிஷம் நாலு செகண்ட்” என்றார் அண்ணா.

மறுபடி.

“ரெண்டு நிமிஷம் ஏழு.”

மூன்றாவது முறை பாதியில் சார் பேச்சுக் கொடுத்தார். “வீடு எங்கம்மா? எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்?” என்னைக் கலைக்கத்தான் கேட்கிறார். எழுபத்தொன்று. எழுபத்திரண்டு. பெரியவர் கேட்கிறார், நான் பதில் சொல்லாமல் நிற்கிறேன். மேடம், “சங்கரி, சார் கேக்கறார்” என்றார். எழுபத்தாறு. முகம் சூடானது. தலையைத் தூக்கவில்லை. நூற்றிருபதில் மூடினேன்.

அண்ணா போனைப் பார்த்தார்.

“ரெண்டு நிமிஷம் அஞ்சு.”

சார் அதை எழுதிக்கொண்டார்.

“இது சான்று இல்ல” என்றார் அண்ணாவிடம். “இந்தப் பொண்ணு எண்ணுதுன்னு ஆய்வேட்டுல எழுத முடியாது. சர்க்கரையோட மூணு ரன், சர்க்கரை இல்லாம சரியா ஏழு நிமிஷம் மூணு ரன். கடிகாரம் வச்சுப் பண்ணுங்க. ரெண்டாவது மூணும் பழைய பதினாலோட பொருந்தினா, பட்டினியில இந்தப் புரதம் என்ன பண்ணுதுன்னு அத்தியாயத்தைத் திருப்பி எழுதலாம். சொல்லப்போனா அது இன்னும் நம்பற மாதிரி இருக்கும்.”

“பொருந்தலன்னா சார்?”

“ஆறு மாசம். முதல்லேருந்து.” பேனாவை மூடினார். “மூணு வாரம் தரேன். இன்னைக்குக் கையெழுத்துப் போடல.”

அவர் கிளம்பினார். காரில் அவர் மனைவி இரண்டு புடவைப் பைகளோடு காத்திருந்தார். மேடம் வழியனுப்பப் போனார். இயக்குநரும் போனார்.

லேபில் நாங்கள் இருவர் மட்டும். “சாரிண்ணா” என்றேன். அவர் போனைப் பார்த்தார். ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நீ சொல்லலன்னா நான் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார். “பாக்கெட்ல வச்சிக்கினுதான் நின்னேன். ஆனா எடுத்திருக்க மாட்டேன்.”

நான் டியூப்களை எடுத்துச் சிங்க்கில் வைத்தேன்.

“ஜெர்மனிக்கு எப்ப எழுதுவீங்க?”

“இன்னா எழுதறது? மூணு வாரம் கழிச்சிதான் எனக்கே தெரியும்.” எழுந்தார். “ஆறு ஃபிளாஸ்க்குக்கு மீடியா இருக்குதா?”

“மூணுக்குத்தான் இருக்கு.”

“மூணப் போடு. மிச்சத்த நான் கலக்கறேன்.”

நான் ஃபிளாஸ்க்குகளை எடுத்தேன். அவர் தராசைத் துடைத்துவிட்டுச் சர்க்கரை டப்பாவைத் திறந்தார்.